வில்லன் இல்லாத மாயக்கதைகள்: வளர்ந்த பிறகு மறுபடி படித்தபோது

பள்ளி நூலகத்தில் எடுத்துப் படித்த பழைய ஆங்கிலச் சிறுவர் நாவல்களை இப்போது தேடிப்பிடித்துப் படித்துக்கொண்டிருக்கிறேன். அதில் என்னை ரொம்பவும் பாதித்தது ஃபிலிப்பா பியர்ஸ் எழுதிய ‘டாம்ஸ் மிட்நைட் கார்டன்’. 1958இல் வந்தது, சிறந்த சிறுவர் நூலுக்கு பிரிட்டனில் தரும் கார்னகி பதக்கம் வாங்கியது. முடிவைச் சொல்லாமல் இதைப் பற்றிப் பேச முடியாது. இனிமேல்தான் படிக்கப்போகிறவர்கள் அடுத்த மூன்று பத்திகளைத் தாண்டிவிடுங்கள்.

கூடப்பிறந்தவனுக்குத் தட்டம்மை. அதனால் டாமை உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். பழைய பெரிய வீடொன்றைத் தடுத்து வாடகைக் குடியிருப்புகளாக ஆக்கியிருக்கிறார்கள். அதில் ஒன்றில் தங்கல். விளையாட இடமே இல்லை, கொல்லைப்பக்கம் குப்பைத்தொட்டிகள்தான். ஆனால் இரவில் கீழே இருக்கும் கடிகாரம் பதின்மூன்று மணி அடிக்கிறது. எழுந்துபோய்க் கதவைத் திறந்தால் பெரிய தோட்டம், அங்கே ஹாட்டி என்று ஒரு சிறுமி. அம்மா அப்பா இல்லாதவள், அத்தை வீட்டில் வளர்கிறாள். அங்கே காலம் வரிசையாகப் போகாது. ஒரு நாள் இடி விழுந்து சாய்ந்த மரம், அடுத்த முறை போகும்போது பழையபடி நிற்கும். சின்ன வயதில் இதை மாயம் என்று எடுத்துக்கொண்டேன், சரி என்று கடந்துவிட்டேன்.

மேல்மாடியில் இருக்கும் வீட்டுக்கார மூதாட்டி திருமதி பார்த்தலோமியுதான் அந்த ஹாட்டி. அவர் தூங்கும்போது தன் இளமையைக் கனவு காண்கிறார், டாம் அதற்குள் போய் விளையாடிவிட்டு வருகிறான். அப்படியென்றால் அந்த மரம் விழுந்தும் விழாமலும் இருப்பதில் ஆச்சரியமே இல்லை. வயதானவர்கள் பழசைப் பேசும்போது கவனித்திருப்பீர்கள், கல்யாணத்தைச் சொல்லிவிட்டு அடுத்த வாக்கியத்தில் ஆறு வயதுக்குப் போய்விடுவார்கள். பியர்ஸ் இதைத்தான் கதையின் சூத்திரமாக வைத்திருக்கிறார். சிறுவயதில் நான் டாமின் கதையைப் படித்தேன்; இப்போது படித்தது முழுக்க அந்தப் பாட்டியின் கதை.

உறைந்த ஆற்றின்மேல் ஹாட்டியும் டாமும் சறுக்கிக்கொண்டே ஈலி நகரத்துக்குப் போகும் அத்தியாயம் இருக்கிறதே, அதைத்தான் இந்த முறை தாங்க முடியவில்லை. ஹாட்டி அதற்குள் வளர்ந்துவிட்டாள். திரும்பும் வழியில் பார்ட்டி என்ற இளைஞன் வண்டியில் ஏற்றிக்கொள்கிறான். அவனோடு பேசப் பேச, பக்கத்திலிருக்கும் டாம் அவள் கண்ணுக்குத் தெரியாமலே போய்விடுகிறான். யாரும் கெட்டவர்கள் இல்லை, யாரும் துரோகம் செய்யவில்லை. அவள் பெரியவளாகிவிட்டாள், அவ்வளவுதான். எனக்கும் ஒரு மகள் இருக்கிறாள், ஒன்பதாம் வகுப்பு. அந்தப் பக்கத்தை ஒரே மூச்சில் படிக்க முடியவில்லை.

அந்தத் தோட்டம் கற்பனை மட்டும் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். பியர்ஸின் அப்பா மாவு ஆலை வைத்திருந்தவர். கேம்பிரிட்ஜ் பக்கத்தில் கிரேட் ஷெல்ஃபர்டில் பியர்ஸ் வளர்ந்த ஆலை வீட்டின் தோட்டம்தான் நாவலில் வருகிறது.

இதே மனநிலையில் அடுத்து எடுத்தது லூசி பாஸ்டனின் ‘தி சில்ட்ரன் ஆஃப் கிரீன் நோ’ (1954). அவர் குடியிருந்த பழங்கால வீட்டையே வைத்து, அறுபது வயதைத் தாண்டிய பிறகு எழுதியது. டோலி என்ற பையன் கொள்ளுப்பாட்டி வீட்டுக்கு வருகிறான். பதினேழாம் நூற்றாண்டில் கொள்ளைநோயில் இறந்துபோன பிள்ளைகள் அங்கே இன்னும் விளையாடிக்கொண்டிருக்கிறார்கள். பயமுறுத்தல் எதுவும் இல்லை. பையன் சொல்வதைப் பாட்டி மறுப்பதும் இல்லை, அவருக்கும் அவர்கள் தெரிகிறார்கள். குழந்தை சொல்வதை நம்பும் பெரியவர் ஒருவர் கதையில் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று அப்போது எனக்குப் புரிந்ததில்லை.

ஈ. நெஸ்பிட்டின் ‘ஃபைவ் சில்ட்ரன் அண்ட் இட்’ (1902) சிரித்துக்கொண்டே படிக்க. கேட்ட வரம் சூரியன் மறைந்ததும் கலைந்துவிடும். சிறகு கேட்ட பிள்ளைகள் தேவாலயக் கோபுரத்தின்மேல் மாட்டிக்கொள்வார்கள். காப்புரிமை முடிந்த புத்தகம், இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.

இவற்றை வேகமாகப் படிக்காதீர்கள். தூங்கப்போகும் முன் ஒரு அத்தியாயம் போதும். அப்புறம், இந்த மாதிரி போரும் அரக்கனும் இல்லாத சிறுவர் நாவல் யாராவது தமிழில் படித்திருந்தால் பெயரைச் சொல்லுங்கள், மகளோடு சேர்ந்து படிக்க ஆசை.