கம்பி முறுக்கறப்ப ப்ளையர் வழுக்குதுங்க, பல்லு வெட்டிக்கலாமா புதுசே வாங்கோணுமா?

கோபி தியேட்டர்காரன்:
வணக்கமுங்க. கோபி பக்கம் சின்ன எலும்பு ஆஸ்பத்திரில ஆபரேஷன் தியேட்டர் டெக்னீசியனா இருக்கறேன். நேத்து முழங்கால் சில்லு உடஞ்ச பெரியவர் ஒருத்தருக்கு ரெண்டு கே வயர் (எலும்புல குத்தற மெல்லிசான ஸ்டீல் ஊசிக்கம்பி) போட்டு 18 கேஜ் கனத்து கம்பிய எட்டு மாதிரி சுத்தி முறுக்கறப்ப ப்ளையர் புடி விட்டு வழுக்கிருச்சு, டாக்டர் கம்பிய வெட்டிப்போட்டு மறுக்கா புதுசு போட்டாரு, அத்தன நேரம் அந்த பெரியவரு டேபிள்ல கெடந்தத நெனச்சா வெசனமா இருக்குதுங்க. ப்ளையர் பல்லு தேஞ்சிருக்கு, அதோட மூட்டுகிட்ட துரு வேற. கோயமுத்தூர் பட்டறைல குடுத்து பல்லு வெட்டிக்கலாமுங்களா?

கணபதி பட்டறை:
தம்பி, வேண்டாமுங்க. அது கடினப்படுத்துன இரும்பு, கிரைண்டர்ல சூடு ஏத்துனா அந்த கடினம் போயிரும், வாயும் நேரா சேராது. கைப்பிடி தங்க கலர்ல இருக்குதான்னு பாருங்க, அப்படின்னா வாய்ல டங்ஸ்டன் கார்பைடுங்கற ரொம்ப கெட்டியான தகடு பதிச்சிருப்பாங்க, பல மாடல்ல அந்த தகட்ட மட்டும் மாத்திக்கலாம். சாதா ஸ்டீல்னா புதுசே வாங்கீருங்க. அதுல யாராச்சும் கே வயர் வெட்டுனாங்களா? வெட்டறதுக்கு கட்டர் தனி, இதுல வெட்டுனா வாய் பேந்துக்கும்.

ஸ்க்ரப் நர்ஸ் அக்கா, கோவை:
துருவுக்கு காரணம் பெரும்பாலும் கழுவறதுதான் தம்பி. ப்ளீச்சிங் தண்ணில ஊறப்போடறீங்களா? குளோரின் எவர்சில்வரையும் குழி குழியா அரிச்சிரும், ரத்தமும் சலைனும் காஞ்சு ஒட்டுனாலும் அப்படித்தான். எங்களுக்கு சிறுவாணி தண்ணி, உங்க பக்கம் போர் தண்ணின்னா உப்பு படியும், கடைசி அலசல் ஆர்ஓ தண்ணிலயே அலசுங்க. ஆட்டோகிளேவ்ல (நீராவில கிருமி கொல்லற மிஷின்) வெக்கறப்ப ப்ளையர் மூட்ட தொறந்து வெய்யுங்க, ஆவி உள்ள போகோணுமில்ல. தையல் மிஷின் எண்ணெய் மட்டும் விட்டறாதீங்க, நீராவிய தடுத்துரும், தண்ணில கரையற இன்ஸ்ட்ருமென்ட் மில்க்னு விக்குது அதுதான்.

ஆர்த்தோ பிஜி (எலும்பு மருத்துவ மேல்படிப்பு):
ப்ளையர் புதுசானாலும் ஒண்ணு கவனிங்க அண்ணா. இழுத்துப் புடிச்சுட்டே முறுக்கோணும், ரெண்டு இழையும் ஒண்ணு மேல ஒண்ணு சமமா பின்னோணும், ஒரு இழை நேரா நின்னு இன்னொண்ணு மட்டும் அத சுத்துனா முடிச்சு நழுவிரும். அப்புறம் வெட்டி எறியற முனைய மட்டும் புடிங்க, உள்ள தங்கற கம்பில பல்லு பட்டு வடு விழுந்தா பின்னாடி அந்த எடத்துலதான் உடையும்.

கோபி தியேட்டர்காரன்:
ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். ப்ளீச்சிங்லதானுங்க ஊற வெச்சுட்டு இருந்தோம், அதுவும் போர் தண்ணில, இன்னைக்கே நிறுத்தியாச்சு. கைப்பிடி சாதா வெள்ளைதான், அதனால கார்பைடு வாய் வெச்சதா ஒண்ணு வாங்கச்சொல்லி டாக்டர்கிட்ட பொழுதோட பேசறேன். அக்கா, மத்த சாமானத்துல லேசா துரு பொட்டு தெரியுது, அதயும் ஒதுக்கீரணுமுங்களா?