வட்டக்கச்சி வீட்டின் ஓட்டுக் கூரை: ஓட்டையே திரும்பப் போடுவதா, சீற்றுக்கு மாறுவதா?

குளக்கட்டு:

இந்திய வீடமைப்புத் திட்டத்தில் கிடைத்த 550,000 ரூபாயோடு கைக்காசும் சேர்த்து, 2013 இல் நாங்களே நின்று கட்டிய 550 சதுர அடி வீடு எங்களுடையது. அந்த நாள்களில் வன்னி முழுவதும் ஒரே நேரத்தில் வீடுகள் எழும்பிக்கொண்டிருந்தபடியால் நல்ல மரத்துக்குப் பெரும் தட்டுப்பாடு. ஓட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டங்களான சிலாகைகளிற் பாதி, ஈரம் காயாமலே கூரையேறின. கடந்த மாரியில் நடு அறையில் மூன்று இடங்களில் வாளி வைத்தோம். முற்றத்தில் நின்று பார்த்தால் முகட்டுக்குக் கீழே கூரை ஒரு சாண் அளவுக்கு உள்வாங்கியிருப்பது இப்போது வெறுங்கண்ணுக்கே தெரிகிறது. இது போதாதென்று, மாமரத்திலிருந்து பாயும் குரங்குகள் வாரத்துக்கு நாலைந்து ஓடுகளையாவது நகர்த்திவிடுகின்றன.

கனடாவில் பனி கொட்டும் சிறு நகரமொன்றில் இருக்கும் என் அண்ணா, சென்ற ஆண்டு தன் வீட்டுக் கூரையை மாற்றியவர். ஓடு முழுவதையும் இறக்கி, பலகை அடித்து, நீர் புகாத படலம் ஒட்டி, அதன் மேல் உலோகச் சீற் போடும்படி சொல்கிறார்; செலவில் பாதியைத் தருவதாகவும் சொல்கிறார். ஊரில் மேசன்மார் அஸ்பெஸ்டஸ் சீற்றே மலிவு என்கிறார்கள். அம்மாவோ, ஓட்டை இறக்கினால் பகலில் வீட்டுக்குள் இருக்க முடியாது என்று ஒற்றைக்காலில் நிற்கிறார். ஐப்பசிக்கு முன் வேலையை முடிக்க வேண்டும். அனுபவமுள்ளவர்கள் வழி சொல்லுங்கள்.

ஓடாவி மகன்:

தம்பி, எந்தக் கூரை என்று தீர்மானிக்க முன்னர், பழுதானது ஓடா மரமா என்று பாருங்கள். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் எனக்கு மரத்தின் மேல்தான் சந்தேகம். நன்றாகச் சுட்ட ஓடு பத்துப் பதினைந்து ஆண்டுகளில் கெடுவதில்லை. என் தகப்பனார் ஒரே ஓட்டை இரண்டு வீடுகளுக்குப் போட்டவர்.

நடுப்பகலில் கதவு யன்னல்களை அடைத்துவிட்டு உள்ளே நின்று மேலே பாருங்கள். ஒளிப்புள்ளி தெரியும் இடம் ஓடு நகர்ந்த இடமோ உடைந்த இடமோ ஆகும். ஒளி வராத இடத்தில் ஒழுக்கிருந்தால், தண்ணீர் வேறெங்கோ புகுந்து, முகட்டிலிருந்து சுவருக்குச் சரிந்திறங்கும் கைமரத்தின் வழியே ஓடி வந்து சொட்டுகிறது என்று கொள்ளலாம். வாளிக்கு நேர்மேலே தேடிக்கொண்டிருப்பதில் பயனில்லை. பிறகு ஏணி வைத்து, ஒவ்வொரு கைமரமும் சுவர்வளையில், அதாவது சுவரின் மேல் கிடையாகக் கிடக்கும் மரத்தில், அமரும் முனையைத் திருப்புளியால் குத்திப் பாருங்கள். கறையான் சுவர்ப்பூச்சின் வெடிப்பு வழியாக மண்குழாய் கட்டிக்கொண்டு ஏறுவதால், முதலில் தின்பது பெரும்பாலும் அந்த முனையைத்தான். வெளித்தோல் அப்படியே இருக்கும். குத்தியதும் திருப்புளி தவிட்டுக்குள் இறங்குவது போல இறங்கும்.

பாரத்தையும் நினைவில் வையுங்கள். தாவாரம் சேர்த்து உங்கள் வீட்டுக்கு 1,200 முதல் 1,300 ஓடுகள் வரை போயிருக்கும். ஓர் ஓடு இரண்டரைக் கிலோவுக்குக் கிட்ட என்றால், காய்ந்திருக்கும்போதே ஏறத்தாழ 3 தொன். மழையில் ஊறினால் அதற்கும் மேலே. ஈரமரம் இந்தப் பாரத்தின் கீழ் வளைந்தபடியே காய்ந்தால், அந்த வளைவு பிறகு நிமிராது. சிலாகை இறங்கிய இடத்தில் ஓடுகள் ஒன்றோடொன்று மாட்டும் கொளுவல் விலகும்; காற்றோடு வரும் மழை அந்த இடைவெளியால் நுழையும். சரிவு குறைந்தாலும் இதே சிக்கல்தான். கிடையாக 12 அங்குலம் போகும்போது ஏறக்குறைய 7 அங்குலம் உயரும் சரிவு ஓட்டுக்கு வேண்டும்.

என் கருத்து: ஓட்டை இறக்கி, தட்டிப் பார்த்துக் கணீரென்று ஒலிப்பதை அடுக்கிவையுங்கள், மந்தமாக ஒலிப்பதை ஒதுக்கிவிடுங்கள். மரத்தை மாற்றுங்கள். வைரம் பாய்ந்த முதிர்ந்த பனையைக் கறையான் இலகுவில் தொடாது. ஆனால் உங்கள் காணிப் பனையானாலும் தறிப்பதற்கு அனுமதி வேண்டும். கிராம அலுவலரிடம் இப்போதே சொல்லிவையுங்கள், கடிதம் வரும்வரை ஓட்டில் கைவைக்க வேண்டாம். புது ஓடு குறைந்தால், வாங்கப் போகும்போது பழைய ஓடொன்றைக் கையோடு கொண்டுபோங்கள். ஓடு செய்யும் ஊரான தங்கொட்டுவப் பக்கத்து ஓடெல்லாம் ஒன்று என்று கடைக்காரர் சொல்வார். அச்சுக்கு அச்சு கொளுவல் வேறுபடும்.

அலம்பில் அலை:

மேலே சொன்னது கடலிலிருந்து தள்ளியிருக்கும் ஊர்களுக்குப் பொருந்தும். கடற்கரையில் எங்களுக்கு ஓட்டைவிடக் காற்றுத்தான் கவலை. 2020 டிசெம்பர் 2 ஆம் திகதி இரவு புரெவிப் புயல் திருகோணமலைக்கு வடக்கே கரையேறியபோது, எங்கள் அயலில் முதலில் கிளம்பியவை தாவார ஓரத்துச் சீற்றுகளே. காற்று கூரையை மேலிருந்து அமத்துவதைவிட, ஓரங்களிலும் முகட்டிலும் உறிஞ்சித் தூக்குவதுதான் அதிகம். ஆகவே உலோகச் சீற்றை நீங்கள் தேர்ந்தால், ஓரத்து இரண்டு வரிசைகளுக்கும் ஆணியடிக்க விடாமல், றப்பர் வளையம் கொண்ட திருகாணிகளை நெருக்கமாகப் போடச் சொல்லுங்கள். சீற் எவ்வளவு இறுகினாலும் கைமரம் சுவர்வளையோடு கட்டப்படாவிட்டால் முழுக் கூரையுமே ஒன்றாகக் கிளம்பும். எனவே அந்த இணைப்பில் இரும்புப் பட்டி அவசியம்.

சூட்டைப் பற்றி அம்மா சொல்வதும் சரியே. மீள்குடியேறிய காலத்தில் தகரக் கொட்டிலில் இரண்டு கோடைகள் இருந்தவர்களுக்கு அதை விளக்கத் தேவையில்லை.

ஒன்ராறியோவில் ஒருவன்:

உங்கள் அண்ணா சொல்வது அவருடைய ஊருக்கு முற்றிலும் சரி. இங்கே வீட்டுக்குள்ளிருந்து கசியும் சூட்டில் கூரை மேலுள்ள பனி அடியில் உருகி, குளிர்ந்த தாவாரத்துக்கு வந்ததும் மறுபடி உறைந்து, வரம்பு கட்டியது போல நின்றுவிடும். பின்னால் வரும் தண்ணீர் அந்த வரம்பில் தேங்கி, மேல்நோக்கி ஏறிக் கூரைத் தகட்டின் அடியால் உள்ளே புகும். தாவாரத்தில் ஒட்டும் படலம் இதைத் தடுப்பதற்கே. நானும் அதற்குப் பெருந்தொகை கொடுத்தவன்தான். வட்டக்கச்சியில் தண்ணீர் மேல்நோக்கி ஏற வழியில்லை. சரிவும் கொளுவலும் ஒழுங்காக இருந்தால் அது தானாக இறங்கிவிடும். அண்ணாவின் காசை மரத்துக்குக் கேளுங்கள்.

முறிகண்டியூரான்:

அஸ்பெஸ்டஸ் மலிவு என்பது உண்மைதான். ஆனால் அதன் தூசு நுரையீரற் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. நோய் வெளிப்படப் பல பத்தாண்டுகள் எடுப்பதால் எவரும் பயப்படுவதில்லை. எங்கள் ஒழுங்கையில் உடைந்த சீற்றைக் கிணற்றடியில் பரப்பியிருக்கிறார்கள், அதன்மேல் பிள்ளைகள் மிதித்து விளையாடுகிறார்கள். போடத்தான் போகிறீர்களென்றால், வெட்டும் இடத்தை நனைத்து, கைவாளால் மட்டும் அறுக்கச் சொல்லுங்கள். மின்வாள் வேண்டவே வேண்டாம்.

குளக்கட்டு:

எல்லோருக்கும் நன்றி. நேற்று ஏணி வைத்துப் பார்த்தேன். பதினெட்டுக் கைமரங்களில் ஏழில் திருப்புளி பிடி வரைக்கும் இறங்கியது. ஏழும் கிணற்றுப் பக்கச் சுவரில்தான். அந்தச் சுவரின் அடியில் பழைய விறகை அடுக்கி வைத்திருந்தோம், இன்று காலை அதை அப்புறப்படுத்திவிட்டோம். ஓடுகளில் இருபதைத் தட்டிப் பார்த்ததில் இரண்டுதான் மந்தம். கணக்கை அண்ணாவுக்கு அனுப்பியிருக்கிறேன், பதில் இன்னும் வரவில்லை. பனைக்கான விண்ணப்பத்தைத் திங்கட்கிழமை கொடுக்கிறேன். குரங்குக்கு மட்டும் ஒருவரும் வழி சொல்லவில்லை; இப்போதைக்கு மாமரத்தின் கூரைப்பக்கக் கொப்புகளைத் தறிப்பதாக இருக்கிறோம்.