அப்பாவின் ஓய்வுப் பணம்: ஒரே கணக்கா, மூன்று கணக்கா?

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவுக்கு 61 வயது. மில் வேலை முடிந்து, பி.எஃப்., கிராஜுவிட்டி எல்லாம் சேர்த்து 19 லட்சம் வந்திருக்கிறது. பென்ஷன் என்று பார்த்தால் மாதம் இரண்டாயிரத்துச் சொச்சம்தான். இனி இந்தப் பணத்தின் வட்டியில்தான் வீடு ஓட வேண்டும்.

மாமா ஏலச்சீட்டில் போடச் சொல்கிறார். பேங்கில் பாஸ்புக் பதியப் போனால், டெபாசிட் மாதிரிதான் என்று சொல்லி இன்சூரன்ஸ் படிவத்தை நீட்டுகிறார்கள். அப்பா பேனாவையே எடுத்துவிட்டார்! இரண்டும் வேண்டாம் என்று முடிவு செய்தாயிற்று. முதலில் அம்மாவின் நகைக்கடனை அடைக்கப் போகிறோம். அதற்குக் கட்டுகிற வட்டி, டெபாசிட்டில் வருவதைவிட அதிகம்.

மீதி 15 லட்சத்தைத் தபால் நிலையத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட எண்ணம். 8.2 சதவீத வட்டியில், மூன்று மாதத்துக்கு ஒருமுறை 30,750 ரூபாய் வரும். சிக்கல் என்னவென்றால், ஐந்து வருடத்துக்குள் பாதியை மட்டும் எடுக்க முடியாது, கணக்கையே மூட வேண்டும். ஒரு வருடம் கழித்து மூடினால் அசலில் ஒன்றரை சதவீதம், இரண்டு வருடம் தாண்டினால் ஒரு சதவீதம் பிடிப்பார்கள். திடீரென ஆஸ்பத்திரிச் செலவு வந்தால்?

அதனால் ஐந்து ஐந்து லட்சமாக மூன்று கணக்கு தொடங்கலாமா? அப்படிச் செய்தவர்கள் இருந்தால், தபால் நிலையத்தில் தயக்கமில்லாமல் எடுத்துக்கொண்டார்களா என்று சொல்லுங்கள். அப்புறம், அம்மாவுக்கு 56 வயதுதான். அவரை ஜாயின்ட்டாகச் சேர்ப்பதா, நாமினியாகப் போட்டால் போதுமா?