இதய பெட் ஸ்கேனுக்கு முந்தின நாள் என்ன சாப்பிடக் கொடுத்தீர்கள்?

வணக்கம், கோத்தகிரியிலிருந்து எழுதுகிறேன். என் தம்பிக்கு, இதயத் தசைச் செல்களை ஒன்றோடொன்று பிணைக்கும் டெஸ்மோபிளாக்கின் என்ற புரதத்தின் மரபணுவில் மாற்றம் இருக்கிறது, அப்பா வழியாக வந்தது. இதனால் வரும் இதய நோயில், தசையில் அவ்வப்போது அழற்சி கிளம்பும். எம்ஆர்ஐயில் தழும்பு தெரிந்துவிட்டது. அழற்சி இன்னும் கனன்றுகொண்டிருக்கிறதா என்று பார்க்கத்தான் எஃப்டிஜி பெட் ஸ்கேன்.

ஊசியில் ஏற்றுவது கதிரியக்கம் சேர்ந்த ஒரு வகைச் சர்க்கரை. அழற்சி உள்ள இடம் அதை இழுத்துக்கொள்ளும். ஆனால் நல்ல தசையும் சர்க்கரையை விடாது. அதனால் முந்தின நாள் மாவுச்சத்தே இல்லாமல் கொழுப்பாகச் சாப்பிட்டு, அப்புறம் பட்டினி கிடந்து, இதயத்தைக் கொழுப்பு எரிக்க வைக்க வேண்டும். போன முறை கோவைக்குப் போகும் வழியில், மேட்டுப்பாளையத்தில் ஒரு டீயும் இரண்டு வர்க்கியும் சாப்பிட்டுவிட்டான். இதயம் முழுக்க ஒளிர்ந்து, படம் பயனில்லாமல் போனது. பாவம், பசியில் இருந்த பையனைத் திட்ட மனம் வரவில்லை.

அடுத்த வாரம் மறுபடி போகிறோம். கறி மீன் தொட மாட்டான், முட்டை சாப்பிடுவான். சோறும் உருளைக்கிழங்கும் இல்லாத அந்த ஒரு நாளை உங்கள் வீட்டில் எப்படிச் சமாளித்தீர்கள்? பால், பனீர் பற்றி உங்களுக்கு என்ன சொன்னார்கள்? முதல் நாளே கோவையில் போய்த் தங்கிவிடுவது நல்லதா? அனுபவப்பட்டவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.