புதுப்பிப்பு: குதித்துக்கொண்டிருந்த வாஷிங் மெஷின் அடங்கிவிட்டது

பிழிய ஆரம்பித்ததும் எங்கள் டாப் லோட் மெஷின் குதித்து நகர்ந்து சுவரில் இடிக்கிறது என்று முன்பு கேட்டிருந்தேன், பலரும் ரப்பர் பாதம் வைக்கச் சொன்னீர்கள். வைத்தேன். வழுக்குவது குறைந்தது, ஆட்டம் குறையவில்லை. இந்தப் பினாங்கு பிளாட்டில் துவைக்கும் இடத்துத் தரை வடிகால் பக்கம் சரிந்திருக்கிறது, அதனால் ரசமட்டம் வைத்துக் கால்களைத் திருகிச் சரிசெய்து பூட்டு நட்டையும் இறுக்கினேன் (இறுக்காவிட்டால் கால் மறுபடி தளர்ந்துவிடும்). வெறும் மெஷின் அமைதியாக ஓடியது, துண்டுகளைப் போட்டதும் பழைய கூத்துதான்.

அப்புறம் ஆயர் ஈத்தாமிலிருந்து பழுதுபார்க்கும் அண்ணன் ஒருவர் வந்தார். பிளக்கைக் கழற்றிவிட்டு உள்தொட்டியைக் கையால் அமுக்கி விட்டார். நல்ல மெஷினில் அது மேலே வந்து சட்டென்று நின்றுவிடும், எங்களுடையது ஊஞ்சல் மாதிரி ஆடிக்கொண்டே இருந்தது. தொட்டியை நான்கு மூலையிலும் தாங்கித் தொங்கவிடும் கம்பிகளில் அதிர்வை அடக்கும் பகுதி தேய்ந்துபோயிருக்கிறது என்றார். ஒன்றுதான் மோசம் என்றாலும் நான்கையும் சேர்த்தே மாற்றுங்கள், இல்லையென்றால் தொட்டி ஒரு பக்கம் சாயும். நாங்களும் நான்கையும் மாற்றினோம், இப்போது இடிக்கிற சத்தமே இல்லை. கனமான போர்வையை மட்டும் தனியாகப் போடுவதில்லை, எடை ஒரே பக்கம் குவியாமலிருக்க கூடவே சில துண்டுகளையும் போடுகிறேன்.