புதுப்பிப்பு: பச்சிளங்குழந்தை மாதிரிகளில் சோடியம் ஏறி வந்த விஷயம்

அம்பாசமுத்திரம் பக்கம் எங்கள் லேபில், குழந்தைகளின் குதிகாலில் குத்தி எடுக்கும் ரத்தத்தில் மட்டும் சோடியமும் பொட்டாசியமும் கூடுதலாக வருகிறது, பெரியவர்களுக்குச் சரியாக இருக்கிறது, ஏன் என்று முன்பு கேட்டிருந்தேன். "முதல்ல ஃபேனை நிறுத்திப் பாருங்க" என்று எழுதிய அண்ணாச்சிக்குப் பெரிய நன்றி.

சோடியத்துக்குக் காரணம் அதுதான். திறந்த கப்பில் 100 மைக்ரோலிட்டர் சீரம் (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிவான திரவம்), மேலே ஃபேன், வெளியே சித்திரை வெயில். 10 மைக்ரோலிட்டர் தண்ணீர் ஆவியானாலே லிட்டருக்கு 140 மில்லிமோல் இருக்க வேண்டிய சோடியம் 155-ஐத் தொட்டுவிடும். உப்பு அப்படியே இருக்கும், தண்ணீர்தானே போகிறது. இப்போது கப்பை மூடி வைக்கிறோம், மெஷின் தயாரானதும்தான் திறக்கிறோம்.

பொட்டாசியம் வேறு கதை. குதிகாலைப் பிழிந்தால் சிவப்பணு உடையும்; அதற்குள், அதைச் சுற்றியுள்ள ரத்தத் திரவமான பிளாஸ்மாவைவிட 20 மடங்குக்கும் மேல் பொட்டாசியம் இருக்கிறது. சென்ட்ரிஃபியூஜில் சுற்றியதும் சீரம் இளஞ்சிவப்பாகத் தெரிந்தது, அணு உடைந்ததற்கு அடையாளம் அதுதான். இப்போது காலை வெதுவெதுப்பாக்கி, முதல் சொட்டைத் துடைத்துவிட்டு, தானாக வடிய விடுகிறார்கள் சிஸ்டர்கள். குழந்தையும் குறைவாக அழுகிறது, எனக்கு அதுவே பெரிய நிம்மதி.

சீரத்தைப் பிரிக்காமல் முழு ரத்தத்தை நேரடியாக மெஷினில் ஓட்டுகிறவர்கள் கவனியுங்கள்: அதில் அந்த நிறம் கண்ணுக்குத் தெரியாது. பொட்டாசியம் கூடுதலாக வந்தால் நரம்பில் எடுத்து உறுதி செய்யச் சொல்லுங்கள். அப்புறம், ரத்தம் பிடிக்கும் மெல்லிய கேப்பிலரி குழாயில் இருக்கும் உறையாமல் தடுக்கும் மருந்து லித்தியம் ஹெப்பாரின்தானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சோடியம் ஹெப்பாரின் என்றால் சோடியம் மறுபடியும் ஏறும்.