ஸ்வீடன் ராணுவப் பதவிகளைத் தமிழாக்குவது: 1972இல் ஒரு தாவல், 'கொமெந்தோர்' குழப்பம் – உதவி தேவை

ஏட்டுச்சுவடி (கேள்வி):
வணக்கம். ஸ்வீடன் படை அதிகாரிகள் நால்வரின் பணிப்பதிவைத் தமிழாக்குகிறேன். தமிழ்நாடு, இலங்கை இரண்டு பக்கத்து வாசகர்களும் படிப்பார்கள். இன்றைய நேட்டோ ஒப்பீட்டுப் பட்டியலை வைத்து இணைப் பதவிகளை எழுதினேன். நாலு இடத்தில் இடிக்கிறது.

அ) தரைப்படை. 1968 ஃபன்யுங்கரே, 1972 லோய்ட்னன்ட், 1979 கப்தேன். பட்டியலில் ஃபன்யுங்கரே ஓஆர்-7 (ஓஆர் என்பது அதிகாரி அல்லாத படையினரின் வரிசை), அதாவது மூத்த சார்ஜென்ட் மட்டம். அங்கிருந்து நேரே லெப்டினன்டா?
ஆ) கடற்படை. 1985 கப்தேன், 1996 கொமெந்தோர்கப்தேன், 2003 கொமெந்தோர். 'கேப்டன், பிறகு கமாண்டர்' என்று எழுதினால் பதவி இறங்கியதுபோல் தெரிகிறது.
இ) தரைப்படை ஓவெர்ஸ்தே (கர்னல்) ஒருவர். 1964இல் 'கொமெந்தோர், 1ஆம் கிளாஸ்' என்று ஒரு வரி. தரைப்படைக்காரருக்குக் கடற்படைப் பதவி எப்படி வரும்?
ஈ) இன்னொருவர் 1988இல் '1ஆம் கிராட் ஓவெர்ஸ்தே'. இது கர்னலா, பிரிகேடியரா?

கோட்டைவாசல்:
முதலில் (அ). அவருக்குப் பதவி உயர்வு கிடைக்கவில்லை, பதவிக்குப் பெயர்தான் மாறியது. 1972 வரை ஸ்வீடனில் மூன்று அடுக்கு: மேலே அதிகாரிகள், நடுவே 'உந்தர்ஒஃபிசேர்', கீழே 'உந்தர்பெஃபேல்'. அன்றைய ஃபன்யுங்கரே நடு அடுக்கைச் சேர்ந்தவர். 1972 சீர்திருத்தத்தில் அந்த நடு அடுக்கு முழுவதற்கும் அதிகாரிப் பதவிப் பெயர்கள் தரப்பட்டன. ஃபன்யுங்கரே லோய்ட்னன்ட் ஆனார், அவருக்கு மேலிருந்த ஃபோர்வால்தரே கப்தேன் ஆனார். செய்த வேலை பெரும்பாலும் அதேதான்.

பொறி அடுத்த வரியில் இருக்கிறது. 'ஃபன்யுங்கரே' என்ற சொல் 1972இல் ஒழியவில்லை, கீழ் அடுக்கில் இருந்தவர்களுக்குப் போனது. ஆகவே 1971இன் ஃபன்யுங்கரேயும் 1973இன் ஃபன்யுங்கரேயும் ஒரே மட்டம் அல்ல. ஆண்டைப் பார்க்காமல் பட்டியலைத் திறந்தால் இங்கே கட்டாயம் தவறும்.

1983இல் இன்னொரு மாற்றம்: தொழில்முறைப் படையினர் எல்லோருக்கும் ஒரே அதிகாரி வகுப்பு, எல்லோரும் ஃபென்ரிக் என்ற கடைநிலை அதிகாரிப் பதவியில் தொடங்கினார்கள். 2009இல் மறுபடி பிரித்து, 'சிறப்பு அதிகாரி' என்ற தனி வரிசையைக் கொண்டுவந்தார்கள். இன்றைய ஃபன்யுங்கரே (ஓஆர்-7), ஃபோர்வால்தரே (ஓஆர்-8), ரெகெமென்ட்ஸ்ஃபோர்வால்தரே (ஓஆர்-9) எல்லாம் இந்த வரிசைதான். நீங்கள் பார்த்த பட்டியல் 2009க்குப் பிந்திய நிலையைக் காட்டுகிறது. 1968க்கு அது செல்லாது.

அலைவாய்:
(ஆ)வுக்கு நான். ஸ்வீடன் கடற்படையில் கப்தேன் என்பது ஓஎஃப்-2 (ஓஎஃப் என்பது அதிகாரிகளின் வரிசை, எண் கூடக்கூடப் பதவி மேலே). இந்திய, பிரிட்டன் கடற்படைகளில் கேப்டன் ஓஎஃப்-5. எழுத்து ஒன்று, நடுவில் மூன்று படி வித்தியாசம். உங்கள் ஆளுக்கு இந்தியக் கடற்படைப் பெயர்களில் இப்படி வரும்:

லோய்ட்னன்ட் – சப் லெப்டினன்ட்
கப்தேன் – லெப்டினன்ட்
ஓர்லொக்ஸ்கப்தேன் – லெப்டினன்ட் கமாண்டர்
கொமெந்தோர்கப்தேன் – கமாண்டர்
கொமெந்தோர் – கேப்டன்
ஃப்ளொத்தில்யமிரால் – கமடோர்

அதாவது அவர் லெப்டினன்டாக இருந்து, கமாண்டராகி, கேப்டன் ஆனார். வரிசை நேராகிவிடும். 1985க்கும் 1996க்கும் நடுவே ஓர்லொக்ஸ்கப்தேன் வரி விடுபட்டிருக்கலாம், மூலத்தில் இன்னொரு முறை பாருங்கள்.

பின்லாந்தின் ஸ்வீடிஷ் மொழி ஆவணம் ஏதாவது கையில் இருந்தால் இந்தப் பட்டியலை அதில் போடாதீர்கள். அங்கே கொமெந்தோர் ஓஎஃப்-4, கொமெந்தோர்கப்தேன் ஓஎஃப்-3. மொழி அதேதான், படை வேறு, ஒரு படி இறங்குகிறது. நார்வே, டென்மார்க்கின் ஒத்த பெயர்கள் ஸ்வீடன் மட்டத்தோடு பொருந்தும்.

கோட்டைவாசல்:
(இ) பதவியே இல்லை, விருது. வாள் விருதணி என்னும் 'ஸ்வேர்ட்ஸ்ஓர்தென்' வகுப்புகளில் ஒன்றுக்குப் பெயர் 'கொமெந்தோர், 1ஆம் கிளாஸ்'. ஓவெர்ஸ்தே நிலையில் இருப்பவருக்கு அது வருவது இயல்பு. 'கிளாஸ்' என்று இருந்தால் விருது, 'கிராட்' என்று இருந்தால் பதவி. இந்த ஒரு சொல்லை வைத்தே பிரித்துவிடலாம். 1975 முதல் இவ்விருதைக் கொடுக்காமல் வைத்திருந்து 2023இல்தான் மீண்டும் தொடங்கினார்கள். எனவே 1980, 1990களின் பதிவில் 'கொமெந்தோர்' வந்தால் அது பெரும்பாலும் கடற்படைப் பதவிதான்.

(ஈ) 1972 முதல் 2000 வரை இருந்த படிநிலை, கர்னலுக்கு மேல், மேஜர் ஜெனரலுக்குக் கீழ். 2000இல் அதன் இடத்தில் பிரிகாத்யெனெரால் வந்தது, ஓஎஃப்-6. 1988க்கு நான் 'மூத்த கர்னல்' என்று எழுதி, 'பிரிகேடியருக்கு நிகர்' என அடிக்குறிப்பு போடுவேன். 'பிரிகேடியர் ஜெனரல்' வேண்டாம். அந்தப் பெயர் அப்போது ஸ்வீடனில் இல்லை, ஆவணம் காலம் தப்பிப்போகும்.

பனிமலர்:
இலங்கைப் பக்கம் வாசிக்கிற ஆக்களுக்கும் எண்டபடியால் ஒண்டு சொல்லவேணும். கர்னல் எண்டு எழுதினால் எங்கட ஆக்களுக்கு விளங்கும், ஆனால் பழகின எழுத்து 'கேணல்'. கேப்டனுக்குக் 'கப்டன்'. ரெண்டையும் கலக்காமல், முன்னுரையில் 'கர்னல் (கேணல்)' எண்டு ஒருக்கால் போட்டிட்டு ஒரே வடிவத்தைக் கடைசிவரை பிடியுங்கோ.

'தளபதி' எண்ட சொல்லைப் பதவிக்குப் பாவிக்காதேங்கோ. அது பொறுப்புக்கு மட்டும்தான். ஓவெர்பெஃபேல்ஹாவரே எண்டது படைத்தலைமைப் பொறுப்பு, அதில இருக்கிறவற்றை பதவி ஜெனரலோ அட்மிரலோ. கொம்பனிஷெஃப் (கம்பெனித் தலைவர்), பத்தல்யோன்ஷெஃப் (பட்டாலியன் தலைவர்) எல்லாமும் பொறுப்புத்தான், பதவியில்லை.

ஏட்டுச்சுவடி:
மூவருக்கும் நன்றி. 1968இன் ஃபன்யுங்கரேயை 'சுபேதார்' என்று போடலாமா? அதிகாரிக்கும் சிப்பாய்க்கும் நடுவே நிற்பவர் என்பது உடனே புரியுமே.

அலைவாய்:
எனக்குச் சரி என்றே படுகிறது. நடு அடுக்கு என்ற அமைப்பு இரண்டிலும் உண்டு.

கோட்டைவாசல்:
அமைப்பு ஒத்துப்போவது உண்மைதான். ஆனாலும் வேண்டாம் என்பேன். சுபேதார் என்றதும் இந்தியப் படையின் முழுச் சூழலும் வாசகர் மனத்தில் ஏறிவிடும், ஸ்வீடன் மறைந்துவிடும். 'வாரண்ட் ஆபீசர் நிலை' என்று போட்டால் இரண்டு நாட்டு வாசகருக்கும் புரியும். முதல் தடவை ஸ்வீடிஷ் பெயர், பக்கத்திலேயே விளக்கம், பிறகு விளக்கப் பெயர் மட்டும்: 'ஃபன்யுங்கரே, அன்றைய நடு அடுக்கில் வாரண்ட் ஆபீசர் நிலை'.

வேலை செய்யும் தாளில் ஐந்து நெடுவரிசை போடுங்கள்: மூலச்சொல், ஆண்டு, படைப்பிரிவு, நேட்டோ குறியீடு, தமிழ் வடிவம். குறியீட்டுக்கு, பதவிகளை ஒப்பிடும் நேட்டோவின் ஸ்டானக் 2116 ஒப்பந்தத்தின் ஓஎஃப், ஓஆர் எண்கள். ஸ்வீடன் 2024 மார்ச்சில்தான் நேட்டோவில் சேர்ந்தது, ஆகவே பழைய வரிகளுக்கு அந்த எண் உங்கள் மதிப்பீடு. அச்சில் அதைக் காட்டவேண்டாம், தாளில் மட்டும் இருக்கட்டும்.

படைப்பிரிவு நெடுவரிசையை விட்டுவிடாதீர்கள். விமானப்படையும் மேஜர், ஓவெர்ஸ்தே என்ற தரைப்படைப் பெயர்களையே வைத்திருக்கிறது. அங்கே ஓவெர்ஸ்தேலோய்ட்னன்டை 'விங் கமாண்டர்' ஆக்கினால் மட்டம் சரி, படையின் வழக்கம் தவறு. லெப்டினன்ட் கர்னல் என்றே விடுங்கள். கரையோரப் பீரங்கிப்படை (1902–2000) கடற்படையின் கீழ் இருந்தும் தரைப்படைப் பெயர்களையே வைத்திருந்தது. அதன் வழிவந்த அம்ஃபீபிப் படையும் (நீரிலும் நிலத்திலும் இயங்கும் படை) அப்படியே. ஆகவே ஒரு கப்தேன் 'கடற்படை' என்று இருந்தால், கப்பல்காரரா கரைப்படைக்காரரா என்று பாருங்கள். கப்பல் என்றால் லெப்டினன்ட், கரை என்றால் கேப்டன்.

ஏட்டுச்சுவடி:
(அ) ஆளின் மகனும் பதிவில் இருக்கிறார். 2006 கப்தேன், 2012 ஃபோர்வால்தரே, தரைப்படை. இது தண்டனையா?

கோட்டைவாசல்:
தண்டனையாக இருக்க வாய்ப்பு குறைவு. 2009 பிரிவுக்குப் பிறகு, 1983 முறையில் அதிகாரியானவர்கள் பலர் சிறப்பு அதிகாரி வரிசைக்கு மாறினார்கள். 'பதவி இறக்கப்பட்டார்' என்று எழுதிவிடாதீர்கள். 'சிறப்பு அதிகாரி வரிசைக்கு மாறி ஃபோர்வால்தரே ஆனார்' போதும். மூலத்தில் ஒழுங்கு நடவடிக்கை என்று தனியாக வரி இருந்தால் மட்டும் வேறு.